பெரிய கழுகும் பாப்பாத்திக் கழுகும்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பதினைந்து பவர்டேபிள் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறவர். வாரம் முழுக்க கம்பெனியே கதி என்று கிடப்பவர், அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போயிருக்கிறார். 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட நம் குளம்தான். அங்கே பனைமரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பறவையைப் படம் பிடித்து, "டீச்சர், பாப்பா இது கழுகான்னு கேக்குறா. ஆமான்னு சொல்லிட்டேன். சரிதானுங்களா?" என்று கேட்டிருந்தார்.

சரியில்லை. அது கரும்பருந்து. பறக்கும்போது வாலைப் பாருங்கள், மீன்வால் மாதிரி நடுவில் பிளந்திருக்கும். கறிக்கடைக்கு மேலே வட்டம் போடுவதும், கோழிக்குஞ்சைத் தூக்குவதும் அதுதான். தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறத்தில் இருந்தால் அது செம்பருந்து. கும்பாபிஷேகத்தின்போது கருடன் வந்தது என்று நாம் கும்பிடுவது அதைத்தான். இரண்டுமே பருந்துகள். கழுகு வேறு.

இப்படி எழுதி அனுப்பினேன். உடனே அவரிடமிருந்து பதில் வந்தது: "அப்ப கழுகு எங்கீங்க டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்த ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிளுவை வேலி போட்ட கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், காட்டுக்குக் காடு காங்கயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்ததால் நாடெங்கும் பேர் வாங்கிய இனம் அது. என் சிறு வயதில் ஊரில் மாடு இல்லாத வீடு கிடையாது. கவலை இறைக்க, உழ, வண்டி கட்ட எல்லாவற்றுக்கும் மாடுதான். மாடு அத்தனை இருந்தால் சாவும் இருக்கும் அல்லவா? செத்த மாட்டைப் போட ஊருக்கு மேற்கே ஒரு மேட்டுப் பாறை இருந்தது. நாங்கள் அதை மாட்டுப்பாறை என்போம்.

1970, 71 வாக்கில் பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பிச்சியோடு ஆடு மேய்க்கப் போவேன். ஒரு நாள் பாறையில் ஒரு எருது கிடந்தது. வானத்தில் ஒன்றுமே இல்லை. அப்பிச்சி, "மேல பாத்துட்டே இரு கண்ணு" என்றார். முதலில் ஒரு புள்ளி. பிறகு ஐந்து, பத்து. ஆட்டுக்கு நான் தழை ஒடித்துப் போட்டு முடிப்பதற்குள் பாறை முழுக்கக் கழுகு. சிறகை விரித்து, ஒன்றை ஒன்று தள்ளி, சீறிக்கொண்டு, அரைமணி நேரத்தில் எருது இருந்த இடத்தில் எலும்புதான் மிச்சம்.

அந்தக் கூட்டத்துக்கு வெளியே, ஒதுங்கி நின்ற இரண்டு பறவைகளை அப்பிச்சி எனக்குக் காட்டினார். உடம்பு வெள்ளை, முகம் மஞ்சள். கோழி நடக்கிற மாதிரி நடை. பெரிய கழுகுகள் தின்று முடித்துப் போன பிறகு அவை வந்து எலும்பிடுக்கில் ஒட்டியிருந்ததைக் கொத்தின. "அது பாப்பாத்திக் கழுகு. முதல் பந்தியில உக்காராது" என்றார் அப்பிச்சி.

எங்கள் வானத்தில் இருந்த இரண்டு கழுகுகளும் இவைதான். இன்றைக்குப் பறவை ஆய்வாளர்கள் தமிழில் பெரியதை வெண்முதுகுப் பாறு என்றும், சிறியதை மஞ்சள்முகப் பாறு என்றும் எழுதுகிறார்கள். பாறு என்பது புதுப் பெயர் இல்லை. பாறு, எருவை, பருந்து என்று சங்க இலக்கியத்தின் போர்க்களக் காட்சிகளிலேயே தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு இன்றைக்கு எல்லாமே கழுகு ஆகிவிட்டது.

மாட்டுப்பாறையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். செத்த மாட்டை இழுத்துப் போய் தோல் உரித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் உரித்த தோல்தான் எங்கள் கிணற்றுக் கவலையில் பறியாகி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஆனால் அவர்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள், தனிக் குவளையில்தான் தண்ணீர் கொடுப்பார்கள். ஊரைச் சுத்தம் செய்த மனிதர்களையும் ஊர் தள்ளி வைத்தது. சுத்தம் செய்த பறவையையும் பிணந்தின்னி என்று தள்ளி வைத்தது. இதை விட்டுவிட்டு எங்கள் ஊர்க் கழுகின் கதையை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

இனி இரண்டு கழுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் உருவம். பெரிய கழுகு விரித்த சிறகோடு ஏழு எட்டு அடி வரும். எடை நான்கைந்து கிலோவுக்கு மேலும் இருக்கும். கரும்பழுப்பு உடம்பு, முதுகின் கீழ்ப்பக்கம் வெள்ளைத் திட்டு, அதனால்தான் வெண்முதுகு. தலையிலும் கழுத்திலும் முழு இறகு கிடையாது. உடலுக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்குக் கழுத்தில் இறகு இருந்தால் அழுக்கு ஒட்டி நோய் வரும். பாப்பாத்திக் கழுகு அதில் பாதி எடைகூட வராது, இரண்டு கிலோ அளவுதான். மெல்லிய நீண்ட அலகு. பெரிய தோலைக் கிழிக்க அதால் முடியாது. ஆனால் இடுக்கில் விட்டுக் கொத்தி எடுக்கத் தோதானது.

அடுத்தது சாப்பாடு. பெரிய கழுகுக்குச் செத்த விலங்கின் மாமிசம் மட்டும்தான் உணவு. கூட்டமாக வந்து கூட்டமாகத் தின்னும். பாப்பாத்திக் கழுகோ கண்டதையும் தின்னும். மிச்ச மாமிசம், பூச்சி, ஓணான், முட்டை, குப்பை, சாணம், மலம் எதையும் விடாது. ஆப்பிரிக்காவில் தீக்கோழி முட்டையின் கனத்த ஓட்டை உடைக்க, அலகில் கல்லை எடுத்து அதன்மேல் எறிகிறது என்று ஜேன் குடாலும் அவர் கணவர் ஹியூகோ வான் லாவிக்கும் 1966-ல் எழுதினார்கள். கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த பறவை!

அதன் முகத்து மஞ்சளைப் பற்றி ஒரு சேதி. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தது இது. அந்த மஞ்சள் நிறச்சத்து அதற்கு மாட்டுச் சாணத்திலிருந்து கிடைக்கிறது. புல்லில் இருக்கும் நிறமி சாணத்தில் தங்கி, சாணத்தைத் தின்கிற கழுகின் முகத்துக்கு ஏறுகிறது. அந்தக் கழுகுக்கு மஞ்சள்திருடி என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு. எங்கிருந்து திருடியது என்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது!

மூன்றாவது, வீடு. பெரிய கழுகு உயரமான மரங்களில் பக்கத்துப் பக்கத்தில் கூடு கட்டும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. பாப்பாத்திக் கழுகு பாறைப் பொந்திலும் குன்றின் விளிம்பிலும் கூடு வைக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை.

நான்காவது, மரியாதை. இங்கேதான் ஒரு வேடிக்கை.

1981-ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது எங்களை மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் சுற்றுலா கூட்டிப்போனார்கள். உச்சிவேளையில் மலைமேல் நிறுத்தினார்கள். நல்ல கூட்டம். கோயில்காரர் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பறவைகள் வந்து இறங்கின. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிவனிடம் சாபம் பெற்ற எட்டு முனிவர்களில் யுகத்துக்கு இரண்டு பேர் கழுகாக வருகிறார்கள், இந்த யுகத்து இருவர் இவர்கள், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் பறப்பவர்கள் இங்கே சாப்பிட வருகிறார்கள் என்பது தல வரலாறு. என்றாவது வராமல் போனால் கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்பார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், கோழி நடை. "ஏ, இது எங்க ஊரு மாட்டுப்பாறைக் கழுகு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற தோழி என் கையைக் கிள்ளி, "சாமி குத்தம், பேசாம இரு" என்றாள்.

ஒரே பறவை. எங்கள் ஊரில் முகம் சுளிப்பு, அங்கே பொங்கல். உலகத்திலும் இதே கதைதான். பழைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் இந்த இரண்டு வகைக்கும் இடம் உண்டு. நம் பாப்பாத்திக் கழுகின் உருவம் அங்கே ஓர் எழுத்தின் ஒலிக்கு அடையாளம். நம் பெரிய கழுகுக்கு நெருங்கிய உறவான இன்னொரு பெருங்கழுகின் உருவத்தை 'தாய்' என்ற சொல்லை எழுதப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் இராமாயணத்துச் சடாயு கழுகுக்கு அரசன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்தான் என்கிறார்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் சடாயு குண்டம் இருக்கிறது. அந்த ஊரின் பழைய பெயரான புள்ளிருக்குவேளூரில் வருகிற 'புள்' சடாயுதான்.

இத்தனை கும்பிட்டோம். கும்பிட்டதால் அவை பிழைத்தனவா?

1990-களின் கடைசியோடு திருக்கழுக்குன்றத்துக்கு அந்த இரண்டு கழுகுகளும் வருவது நின்றுபோயிற்று. கூட்டத்தில் பாவி இருந்ததாலா? பாவம் என்றால் பாவம்தான். ஆனால் அன்றைக்கு மலைமேல் நின்ற யாரோ ஒருவருடையது இல்லை.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு மயிலைப் பசு இருந்தது. 1997-ல் கன்று போட்ட பிறகு முன்னங்கால் முட்டி வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. பார்க்கவே மனசு தாங்காது. ஊசி போடுகிறவரை வரவழைத்தோம். மூன்று நாள் வலி ஊசி போட்டார். எழுந்து நின்று தவிடு தின்றது. எங்கள் மாமியார் அவருக்குக் காப்பியும் முறுக்கும் கொடுத்தார்கள். நாலாம் நாள் விடியற்காலையில் மாடு செத்துக் கிடந்தது.

பாறைக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பிறந்த ஊருக்குப் போனபோது, படுத்த படுக்கையாக இருந்த அப்பிச்சி விஷயம் கேட்டுவிட்டு, "கழுகு வந்துச்சா?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வரவில்லை. நாய்தான் வந்தது. பத்து நாளைக்கு அந்தப் பக்கம் போக முடியாத நாற்றம்.

அந்த ஊசி மருந்துக் குப்பி 30 மில்லி அளவு. காலியானதும் வெந்நீரில் கழுவிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். கொள்ளளவுப் பாடத்துக்கு அளவு குறித்த சின்னப் பாத்திரம் கிடைக்காத காலம். "இதில் எத்தனை தடவை ஊற்றினால் ஒரு லிட்டர் வரும்?" என்று பிள்ளைகளை ஊற்றிப் பார்க்கச் சொல்வேன். லேபிளில் இருந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வைத்திருக்கிறேன். டைக்ளோஃபெனாக்.

இந்தப் பதிவைப் படிக்கும் சிலருக்கு அந்தக் குப்பி ஞாபகம் இருக்கலாம்.

டைக்ளோஃபெனாக் 1970-களில் மனிதருக்காக வந்த வலி மருந்து. மலிவு, வேகமாகக் கேட்கும். 1990-களில் நம் நாட்டில் மாட்டுக்கும் போட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கழுகுகள் தலை தொங்கி உட்கார்ந்திருப்பதையும் செத்து விழுவதையும் கவனித்தார். எண்பதுகளில் உலகத்திலேயே எண்ணிக்கையில் அதிகமான பெரிய இரைகொல்லிப் பறவை இதுதானோ என்று எழுதப்பட்ட வெண்முதுகுப் பாறு, கண்ணெதிரே கரைந்தது. புதுக் கிருமி, பூச்சிக்கொல்லி என்று பலதையும் சந்தேகித்தார்கள். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழு பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து விடை சொன்னது. ஊசி போட்ட மாடு செத்தால் மருந்து அதன் உடம்பில் தங்கியிருக்கிறது. அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து, சில நாளில் சாகிறது.

கழுகின் வயிற்று அமிலம் அடைப்பான் நோய்க் கிருமியையே கரைத்துவிடும் என்பார்கள். அழுகலை எல்லாம் செரித்த பறவைக்கு, வலிக்குப் போட்ட மருந்து செரிக்கவில்லை.

இப்போது ஒப்பீட்டின் முக்கியமான இடம். இந்தியாவில் 1992-லிருந்து 2007-க்குள் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம். பாப்பாத்திக் கழுகு ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. ஐந்தில் ஒன்று மிச்சம். ஒரே நாடு, ஒரே காலம். ஏன் இந்த வித்தியாசம்?

விடை அப்பிச்சி சொன்ன பந்தியில் இருக்கிறது. முதல் பந்தியில் உட்காரும் பெரிய கழுகு முழு மாட்டையும் தின்கிறது, கூட்டமாகத் தின்கிறது. ஒரு மாட்டில் மருந்து இருந்தால் கூட்டமே போய்விடும். ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் கூடப் பறந்து இரை தேடுவதால், எங்கோ ஒரு மாடு போதும். செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவு நடக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல், வருடத்துக்கு ஒரே முட்டை. போன கூட்டத்தை ஈடுகட்டத் தலைமுறைகள் ஆகும். பாப்பாத்திக் கழுகுக்கு விழுந்தது மிச்சமும் மீதியும். பூச்சி, குப்பை, சாணம் என்று வேறு வழியும் அதற்கு உண்டு. எதைக் கேவலம் என்றோமோ அந்தப் பழக்கம் அதன் உயிரில் கொஞ்சத்தைக் காப்பாற்றியது.

2006-ல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை மத்திய அரசு தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பி கடையில் கிடைத்தது. அதையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி சிறு குப்பியாகத்தான் விற்கவேண்டும் என்று ஆணை வந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோதுதான் என் கொள்ளளவுப் பாடக் குப்பி ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இரண்டு மருந்துகளும் மாட்டுக்குத் தடையாயின.

கழுகு போனால் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். கழுகுகள் அதிகம் இருந்து அழிந்த மாவட்டங்களில் மனிதர் இறப்பு விகிதமே கூடியிருக்கிறது. அழுகிய உடல்கள், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநாய்க்கடி எல்லாம் சேர்ந்து 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் பேர் வரை கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நீங்கள் அறிந்ததே. அதற்குக் கழுகு இல்லாதது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ரோட்டோரம் கொட்டும் கோழிக் கழிவுக்கும் பங்குண்டு. ஆனால் மாட்டுப்பாறையில் கழுகு காலி செய்த இடத்தில் நாய் வந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கழுகு எங்கே? மாணவரின் கேள்விக்கு வருவோம்.

அவிநாசி, புளியம்பட்டி வழியாகப் போனால் பவானிசாகர். அந்த அணைக்கு மேற்கிலிருந்து வரும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கழுகுகள் மிச்சம். முதுமலை, சத்தியமங்கலம் காட்டுக்குள் ஆற்றோரம் நிற்கும் நீர்மருது மரங்களில் பெரிய கழுகு இன்றும் கூடு கட்டுகிறது. அங்கே அதன் இரையில் புலியும் செந்நாயும் தின்று விட்ட மானும் காட்டெருதும் உண்டு. எந்தக் காட்டெருதுக்கும் யாரும் வலி ஊசி போடுவதில்லை.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநில வனத்துறையும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் காடுகளில் எடுத்த கணக்கில் 246 கழுகுகள். அதே ஆண்டுக் கடைசியில் எடுத்ததில் 320. கூடியிருப்பது நல்ல சேதி. ஆனால் அந்த 320-ஐப் பிரித்துப் பாருங்கள். வெண்முதுகுப் பாறு 217. மஞ்சள்முகப் பாறு, நம் பாப்பாத்திக் கழுகு, வெறும் 4.

கணக்கு தலைகீழாகிவிட்டது. நாடு முழுவதும் பார்த்தால் அதிகம் தாக்குப்பிடித்தது பாப்பாத்திக் கழுகு. ராஜஸ்தானில் பிகானேருக்குப் பக்கத்தில் ஜோர்பீர் என்ற இடத்தில் செத்த கால்நடைகளைப் போடும் திடலில் குளிர்காலத்தில் இன்றும் கூட்டம் கூட்டமாக வருகிறது. இங்கேயோ மூன்று மாநிலக் காட்டில் நாலே நாலு.

இதற்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இது என் யோசனைதான். பெரிய கழுகுக்கு ஒதுங்கப் பெரிய காடு கிடைத்தது. பாப்பாத்திக் கழுகு காட்டுப் பறவை இல்லை. அது ஊர்ப் பறவை. நம் மாட்டையும் சாணத்தையும் குப்பைமேட்டையும் பக்கத்துக் கரட்டுப் பாறையையும் நம்பி வாழ்ந்தது. நாம் மாறிவிட்டோம். பம்பு செட் வந்து கவலை போயிற்று, டிராக்டர் வந்து எருது போயிற்று. எண்பதுகளில் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினார்கள். அதில் தப்பில்லை, அந்த பனியன் கம்பெனிதான் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்தது, தனிக் குவளையிலிருந்து பலரை வெளியே கொண்டுவந்தது. வயதான மாடு சாகும்வரை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளாவுக்குப் போய்விடுகிறது. கரட்டுப் பாறைகள் ஜல்லி ஆகிவிட்டன. எங்கள் மாட்டுப்பாறையும் குவாரியாகி, பிறகு மூடி, இன்றைக்கு அதன்மேல் ஒரு நூல் குடோன் நிற்கிறது.

நம்மை விட்டு விலகி இருந்த கழுகு மிஞ்சியது. நம்மோடு ஒண்டி வாழ்ந்த கழுகு போய்விட்டது. ஒன்றைப் பிணந்தின்னி என்றோம், ஒன்றுக்குப் பொங்கல் வைத்தோம். திட்டியதும் கும்பிட்டதும் கணக்கில் வரவில்லை. செத்த மாட்டின் உடம்பில் என்ன இருந்தது என்பதுதான் கணக்கில் வந்தது. அந்த ஊசியைக் கெட்ட எண்ணத்தில் யாரும் போடவில்லை. மாட்டின் வலியைப் பார்க்கத் தாளாமல்தான் போட்டோம். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

டீச்சர் என்றால் கடைசியில் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றே மூன்று.

ஒன்று. மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் வலி ஊசி போடும்போது என்ன மருந்து என்று கேளுங்கள். மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது என்று 2006-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படியே. "அதைப் போடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு. பிள்ளைகளுக்குப் பருந்து வேறு, கழுகு வேறு என்று சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. வகுப்பில் நானே வருடக்கணக்கில் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இப்போது திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று. உங்கள் ஊரில் செத்த மாட்டைப் போட்ட இடம் எது, அங்கே எந்தக் கழுகு வந்தது, கடைசியாக எந்த வருடம் பார்த்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அந்தத் தோல் உரித்த குடும்பத்துப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். கழுகைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

என் மாணவருக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "பாப்பாவை லீவில் பவானிசாகர் கூட்டிப்போ. அணைக்கு மேற்கே வானத்தை நிதானமாகப் பார்க்கச் சொல். முதலில் ஒரு புள்ளிதான் தெரியும்."

"சரிங்க டீச்சர், தீபாவளி ஆர்டர் முடியட்டும், போறோம்" என்று எழுதியிருக்கிறார்.

போவார் என்று நம்புகிறேன்.